பாதிக் கட்டணப் பிள்ளை

இதை நடந்தபடியே சொல்கிறேனா என்று எனக்கே சந்தேகம்தான். அது எந்த மாதம், மழை அன்றைக்குப் பெய்ததா மறுநாளா, இதெல்லாம் முன்னே பின்னே இருக்கலாம். சம்பந்தப்பட்டவளுக்கே ஒரு விஷயம் இன்றுவரை தெளியவில்லை. அந்தப் பிள்ளையின் தட்டில் முதலில் குறைத்தது யார், பிள்ளையா, தானா?

அவள் பிள்ளை பார்க்கிறவள். இரண்டாவது மாடியில் இரண்டு அறையும் ஒரு சமையலறையும்தான் வீடு. வேலைக்குப் போகிற தாய்மார் காலை ஏழரைக்கு விட்டுவிட்டு மாலை ஆறு மணிக்கு வந்து கூட்டிக்கொண்டு போவார்கள். பிள்ளைகளுக்கு அவள் அத்தை, தாய்மாருக்கு அக்கா. எந்தப் பிள்ளைக்கு மாதம் எவ்வளவு என்பதை ஒரு தாளில் எழுதிச் சமையலறைக் கதவில் ஒட்டிவைப்பது அவள் வழக்கம். ஒருத்தியிடம் ஒரு விலை, இன்னொருத்தியிடம் வேறு விலை என்று குசுகுசுக்கிற பிழைப்பு தனக்கு வேண்டாம் என்பாள்.

மருந்துக்கடையில் வேலை பார்க்கிற ஒருத்தியின் மகள் இரண்டு வருஷமாக அங்கேதான் வளர்ந்தாள். ஐந்தரை வயது, இன்னும் பள்ளிக்கூடத்தில் சேர்க்கவில்லை. விட்டுவிட்டுப் போனதிலிருந்து திரும்ப வந்து கூட்டிக்கொண்டு போகும்வரை வாய் ஓயாது. அத்தையின் கணவர் அவளுக்கு வாயாடி என்று பெயர் வைத்திருந்தார். "இவ இருக்கும்போது ரேடியோ எதுக்கு? நிறுத்துங்க, கரண்டாவது மிச்சம்" என்பார்.

வாயாடிக்குத் தம்பி பிறந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. இனி விடுப்பு கிடையாது என்று மருந்துக்கடை முதலாளி சொல்லிவிட்டார். மகளைக் கையில் பிடித்துக்கொண்டு, கொழுகொழுவென்றிருந்த தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு, மருந்துக்கடைக்காரி ஒரு ஞாயிற்றுக்கிழமை பேச வந்தாள்.

"ரெண்டு பேருக்கும் முழுசா குடுத்தா, நான் வேலைக்குப் போறதே உங்களுக்குக் குடுக்கத்தான் ஆகும் அக்கா. எங்கிட்ட அவ்வளவு இல்ல."

"கைக்குழந்தைக்குக் குறைக்க முடியாதும்மா. இவன் ஒருத்தன் நாலு பேருக்குச் சமம். என் இடுப்பை இவனுக்கே பட்டா போட்டுக் குடுக்கணும்."

"ஒரே வீட்டுப் பிள்ளைங்க அக்கா. எதுலயாவது பார்த்துக் குறைங்க."

அத்தை யோசித்தாள். மற்ற இடங்களில் இரண்டாவதாக வருகிற பிள்ளைக்குத்தான் குறைப்பார்கள். அது அவளுக்கு நியாயமாகப் படவில்லை. வேலை வைக்கப்போகிறவன் சின்னவன். பெரியவளோ தானே சாப்பிடுகிறாள், தானே கை கழுவுகிறாள், தம்பி அழுதால் கிலுகிலுப்பைகூட ஆட்டுவாள். ஒற்றைப் பிள்ளையை விடுகிற மற்ற தாய்மார் கதவில் இருக்கிற தாளைப் படித்துவிட்டுக் கேட்டால், இதைச் சொல்லிப் புரியவைக்கலாம்.

"சரி, சின்னவனுக்கு முழுசு. இவளுக்குப் பாதி. இவளுக்கு என்ன பெரிய செலவு, பாதி ஆளுதானே."

"வாய்க்குத் தனியா கணக்குப் போட்டா ரெண்டு ஆளு" என்றார் கணவர்.

எல்லோரும் சிரித்தார்கள். வாயாடி மேசைக்கு அடியில் உட்கார்ந்து பொம்மைக்குச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தாள். அவளும் சிரித்தாளா என்று யாரும் குனிந்து பார்க்கவில்லை.

அடுத்த வாரத்திலிருந்து அவளுடைய டம்ளரில் பாதிப் பால் அப்படியே நின்றது. இரண்டு பிஸ்கட் கொடுத்தால் ஒன்று தட்டில் கிடந்தது. மத்தியானம் படுக்கும்போது பாயின் ஓரத்தில் ஒண்டிக்கொண்டாள். தம்பி வந்த ஏக்கம் என்று அத்தை நினைத்தாள். "பொறாமை பிடிச்ச கழுதை" என்று செல்லமாகக் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனாள்.

குண்டுப்பயல் தம்பிக்குப் பல் முளைக்கிற நேரம் அது. பகலெல்லாம் அவன் அத்தையின் தோளை விட்டு இறங்கவில்லை. காதருகே ஒருவன் வீல் வீலென்று கத்த, இன்னொரு கையால் ஐந்து தட்டுகளில் சோறு போடுகிறவளுக்கு எந்தத் தட்டில் எத்தனை கரண்டி விழுந்தது என்று எப்படி நினைவிருக்கும்? மிச்சம் வைக்கிறாளே என்று கை ஒரு கரண்டியைக் குறைத்ததா, கரண்டி குறைந்த பிறகுதான் அவள் மிச்சம் வைத்தாளா, தெரியாது. குறைத்துப் போட்டதிலும் அவள் பாதியை ஒதுக்கி வைத்தாள் என்பது மட்டும் நிச்சயம்.

பேச்சும் குறைந்தது. "என்ன, ரேடியோ படுத்துடுச்சா?" என்று கணவர் ஒருநாள் கேட்டார். அத்தை பால் புட்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

இரண்டு மாதம் கழித்து, தம்பிக்குத் தடுப்பூசி போடப் போன இடத்தில் வாயாடியையும் எடைபோட்டுப் பார்த்தார்கள். இரண்டரைக் கிலோ குறைந்திருந்தது. பிள்ளைக்கு என்னதான் சாப்பிடக் கொடுக்கிறீர்கள் என்று டாக்டர் கேட்டார். மருந்துக்கடைக்காரி வழியெல்லாம் மகளைத் துருவித் துருவிக் கேட்டபடி நேராக அத்தை வீட்டுக்கு வந்தாள். மாலை ஆறு மணி. பிள்ளைகளைக் கூட்டிப்போக வந்த வேறு இரண்டு தாய்மார் வாசலில் நின்றிருந்தார்கள்.

"பாதிக் காசுக்குப் பாதிச் சோறா அக்கா?"

"என்னம்மா பேசுற நீ?"

"நான் பேசல. இவதான் கேக்குறா, நான் பாதிதானேம்மான்னு."

எந்தப் பிள்ளைக்கும் நான் வஞ்சகம் செய்ததில்லை என்ற வார்த்தை அத்தையின் நாக்கு நுனிவரை வந்தது. அப்போது கரண்டி நினைவுக்கு வந்தது. உண்மையா என்று தனக்கே தெரியாத ஒன்றைச் சொல்ல வாய் எழவில்லை. வாயாடியின் முன்னால் மண்டி போட்டு உட்கார்ந்தாள்.

"யாருடி உன்கிட்ட அப்படிச் சொன்னது?"

"நீங்கதான் அத்தை. தம்பி முழுசு, நான் பாதின்னு."

"அது காசுடி தங்கம். சோறு இல்ல."

வாயாடி அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு அத்தைக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்: "மீதியையும் சாப்பிட்டா அம்மா மீதிக் காசு குடுக்கணும்ல. அம்மாகிட்ட இல்ல."

ஆனால் எல்லோருக்கும் கேட்டுவிட்டது. வாசலில் நின்றவர்கள் தங்கள் பிள்ளைகளுக்குச் செருப்பு மாட்டக் குனிந்தார்கள். மாட்டி முடித்த பிறகும் நிமிரவில்லை. மருந்துக்கடைக்காரி சுவரில் சாய்ந்து நின்றாள். சத்தம் போடத்தான் வந்திருந்தாள்.

அத்தை எழுந்துபோய்க் கதவிலிருந்த தாளைக் கிழித்தாள்.

"நாளையிலேருந்து இவளுக்குக் காசே வேண்டாம்மா."

"ஓசியில சாப்பிடுறோமேன்னு அதையும் இவ கணக்குப் பண்ணுவா அக்கா."

"அப்ப முழுசா வாங்கிக்கிறேன். என்ன சொல்றியோ அதைச் செய்யறேன். பிள்ளையை மட்டும் விடு. நான் சரி பண்ணிடறேன்."

மருந்துக்கடைக்காரி உள்ளே போய், மாற்றுத்துணியோடு அங்கேயே கிடக்கிற மகளின் பையை எடுத்துக்கொண்டாள். "நீங்க வேணும்னு செய்யலேன்னு எனக்குத் தெரியும். நானும் அன்னிக்கு இவளை வச்சுக்கிட்டே பேரம் பேசினேன். ஆனா இனிமே இங்க விட்டுட்டு அங்க உக்காந்து என்னால மாத்திரை எண்ண முடியாது."

"நாளைக்கு யார்கிட்ட விடுவ?"

மருந்துக்கடைக்காரி தம்பியை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். இரண்டு பிள்ளைகளோடு படியிறங்கிப் போனாள்.

பிறகு அவள் கடைக்குப் பக்கத்திலேயே ஒரு காப்பகத்தில் பிள்ளைகளைச் சேர்த்தாள். அங்கே இருவருக்கும் முழுக் கட்டணம். அதற்காக ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்குப் போனாள். வாயாடிக்கு ஒரு வருஷத்தில் எடை திரும்பிவிட்டது. இப்போது ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள், அதிகம் பேசாத பிள்ளை என்று வகுப்பில் பெயர். அவள் தம்பி நன்றாகச் சாப்பிடுகிறான், நன்றாக ஓடுகிறான். வாசலில் நின்ற தாய்மாரில் ஒருத்தி மறுவாரமே தன் பிள்ளையை நிறுத்திவிட்டாள். மற்றவள் தன் மகன் பள்ளிக்கூடத்தில் சேரும்வரை விட்டாள். அத்தை இன்னும் மூன்று வருஷம் பிள்ளை பார்த்தாள். உடன்பிறந்தவர்களைச் சேர்க்க யார் வந்தாலும் இடமில்லை என்று சொல்லி அனுப்பினாள். பிறகு அந்த வேலையை விட்டுவிட்டாள். இப்போது ஒரு விடுதிச் சமையலறையில் பாத்திரம் கழுவப் போகிறாள். பரிமாற ஆள் இல்லாத நாட்களில் கூப்பிட்டாலும் போவதில்லை. கணவர் ஓய்வு பெற்று வீட்டில் இருக்கிறார்.