எல்லாருக்கும் அஞ்சுக்கு அஞ்சு

"நான் தூங்கினா என்ன, தூங்காட்டி என்ன மேடம்? வேலை நடக்குதா இல்லையா, அதை மட்டும் கேளுங்க."

கண்ணாடி அறைக்குள் மோப்பம் என்கிறவனின் குரல் ஏறியதும் வெளியே ஐந்து கீபோர்டுகள் ஒன்றாக ஓய்ந்தன. ரகசியம் பேசுவதற்கென்று கட்டிய அறைதான். ஆனால் உள்ளே யாராவது தும்மினால் வெளியே இருப்பவர்கள் நகர்ந்து உட்காருவார்கள்.

"வேலை நடக்குது. நீங்க எப்படி இருக்கீங்கன்னுதான் கேட்டேன்." குழுவை நடத்த வந்த புது லீடும் குரலைத் தாழ்த்தவில்லை.

"கேட்டா சரி. அதை எதுக்கு அந்த நோட்டுல எழுதுறீங்க?"

விவகாரமே அதுதான். பச்சை அட்டை போட்ட ஒரு நோட்டு. நாள் முழுக்க கம்ப்யூட்டரில் தட்டுகிறவர்கள் இருக்கும் மாடியில் ஒருத்தி மட்டும் பேனாவால் எழுதினால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? அவள் நோட்டை மூடினாள். மோப்பம் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தான். ஐந்து கீபோர்டுகளும் பாய்ந்து வேலை செய்தன, எதையோ தட்டின.

பஸ் டிக்கெட் பதிவு செய்யும் மென்பொருளைப் பார்த்துக்கொள்ளும் குழு அது. பத்தாயிரம் வரி நிரலில் தப்பு எங்கே ஒளிந்திருந்தாலும் பிடித்துவிடுவான் என்பதால் அவனுக்கு மோப்பம் என்று பெயர் வைத்தார்கள். அந்த மூக்கை அவன் மனிதர்கள் மேலும் வைப்பான் என்பது பின்னால்தான் தெரிந்தது. லிஃப்டில் யாராவது சும்மா சிரித்தால்கூட, ஏன் சிரித்தார் என்று மூன்று மாடிக்கு யோசிப்பான்.

இந்தத் தடவை அவன் பயத்துக்குக் காரணம் இருந்தது. இதற்கு முந்தைய லீடும் இப்படித்தான் தேன் ஒழுகக் கேட்டான், "சோர்வா இருக்கா?" என்று. அப்போது குழுவில் இருந்த வெள்ளை மனசுக்காரன் நெட்டை, ஆமாம் என்று சொல்லித் தொலைத்தான். இரண்டே மாதம், நெட்டையின் நாற்காலியில் பிரிண்டர் காகிதம் அடுக்கியிருந்தது. அன்றிலிருந்து அந்த மாடியில் எவனுக்கும் சோர்வு வந்ததில்லை.

மோப்பத்துக்கு மட்டும் படிக்கட்டில் தலை சுற்றியது. மென்பொருள் படுத்துக்கொண்டால் எந்த நேரமானாலும் அடிக்கும் அவசர ஃபோன் ஒன்று உண்டு. அதை எடுத்துச் சமாளிக்கத் தெரிந்தவர்கள் மூன்றே பேர். அதில் ஒருத்தி பிரசவ விடுப்பில் போனதும் ஒருவாரம் விட்டு ஒருவாரம் அது மோப்பத்தின் தலைமாட்டுக்கு வந்தது. அடிக்காத நாளிலும் அடிப்பதாகக் காது கேட்டது. டாக்டர் நாடியைப் பிடித்துப் பார்த்து, அந்த ஃபோனை விடுங்கள், இல்லையென்றால் ஒருநாள் நடுப்படியில் விழுவீர்கள் என்று சொல்லிவிட்டார். சொன்னால் வேலை போகும், சொல்லாவிட்டால் ஆளே போவான்.

மருந்துக் கடையில் வேலை பார்க்கும் அவன் மனைவிக்கு இதெல்லாம் அரசல்புரசலாகத் தெரியும். "அந்த ஃபோனையே கட்டிக்கிட்டிருக்கலாம் நீங்க. அது ஒரு குரல் கொடுத்தா உடனே எழுந்திரிக்கிறீங்க," என்பாள். அவன் பதில் சொல்வதற்குள் ஃபோன் அடிக்கும்.

புது லீடு வந்த முதல் மாதமே திங்கட்கிழமைப் படிவம் ஒன்று வந்தது. பத்துக் கேள்விகள். நிம்மதியாக இருக்கிறீர்களா, வேலை தாங்கக்கூடியதாக இருக்கிறதா என்று. ஒன்றிலிருந்து ஐந்துவரை போட வேண்டும். பெயர் வேண்டாம், மனசைத் திறந்து போடுங்கள் என்றாள். பெயர் வேண்டாம் என்றதும் மோப்பத்தின் மூக்கு விடைத்தது. பதில் வந்த நேரத்தைப் பார்த்தால் ஆள் யாரென்று தெரியாதா என்ன? டீ மெஷினுக்குப் பக்கத்தில் கூடிப் பேசினார்கள். நெட்டையின் கதை மறுபடி ஓடியது. அன்று மதியமே மோப்பம் ஒரு சின்ன நிரல் எழுதினான். அது திங்கள்தோறும் முன்பின்னாக நேரம் மாற்றி, ஏழு பேருக்கும் தானே படிவத்தை நிரப்பும். பெரும்பாலும் ஐந்து, சந்தேகம் வராமலிருக்க அங்கங்கே ஒரு நான்கு. குழுவின் டெஸ்டர் பெண் அதைச் சோதித்துப் பார்த்து ஒரு குறையும் இல்லை என்றாள். அந்தக் குழு அந்த வருஷம் செய்த வேலைகளிலேயே அதுதான் உருப்படியானது.

சண்டை நடந்த மூன்றாம் நாள் மேனேஜர் எல்லாரையும் கூப்பிட்டார். மேஜைமேல் கேக், சுவரில் வரைபடம்.

"கட்டடத்திலேயே சந்தோஷமான குழு நீங்கதான்," என்றார். "அஞ்சுக்கு நாலு புள்ளி ஏழு. உங்க லீடு ஃபோனுக்கு ரெண்டு பேர் கூடுதலா வேணும்னு மூணு மாசமா என்னோட மல்லுக்கட்டுறாங்க. இவ்வளவு நிம்மதியா இருக்கிற இடத்துக்கு எதுக்கு? அதனால பக்கத்துக் குழு ஃபோனையும் உங்ககிட்டயே தரலாம்னு இருக்கேன்."

பக்கத்துக் குழுவிலிருந்து ஒரு சுருட்டைமுடிக்காரன் இரண்டாவது ஃபோனைச் சார்ஜரோடு கொண்டுவந்து கேக்குக்குப் பக்கத்தில் வைத்தான். பெண்ணைக் கட்டிக்கொடுத்து அனுப்புகிற தகப்பன் மாதிரி அவன் முகம் இருந்தது என்று டெஸ்டர் பெண் பின்னால் சொன்னாள். மோப்பம் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டான். லீடு யாரையும் பார்க்கவில்லை.

அன்று சாயங்காலம் அவன் அவள் மேஜைக்கு முன்னால் போய் நின்றான். உட்காரச் சொன்னாள், உட்காரவில்லை.

"அந்தப் படிவம்... அதை நாங்க போடலை மேடம். நான் எழுதின நிரல் போட்டுது."

"தெரியும்."

"எப்படி?"

"வேலைக்கு வர்றது ஆறு பேர். திங்கக்கிழமையானா ஏழு பதில் வருது. ஏழாவது ஆள் போன மாசம் ஒரு திங்கக்கிழமை பிரசவ வார்டுல இருந்தா. வேலை தாங்கக்கூடியதா இருக்குன்னு அஞ்சு போட்டிருக்கா."

அடுத்தவன் தப்பைப் பத்தாயிரம் வரியில் பிடிக்கிறவன், தன் பதினெட்டு வரியில் ஓர் எண்ணை மாற்ற மறந்திருக்கிறான். அவனுக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. பின்னே ஏன் மேனேஜரிடம் சொல்லவில்லை என்று கேட்டான். சொன்னால் யார் எழுதியது என்று அடுத்த கேள்வி வரும் என்றாள் அவள். அதோடு, எல்லாருமாகச் சேர்ந்து தன்னைக் கிண்டல் செய்கிறீர்களோ என்று தனக்கும் சந்தேகம் இருந்தது என்றாள். பிறகு பச்சை நோட்டை அவன் பக்கம் திருப்பி வைத்தாள். யாரை எத்தனை தடவை ஃபோன் எழுப்பியது என்று தேதிவாரியாக இருந்தது. அவன் பக்கத்தில் முப்பத்தொரு தடவை. கீழே ஒரு வரி: 'மாடிப்படியில் கைப்பிடியை விடுவதில்லை. கேட்டால் கோபம் வருகிறது.'

அவன் உட்கார்ந்தான். டாக்டர் சொன்னதை முதல்முறையாக மனைவியைத் தவிர வேறொருவரிடம் சொன்னான்.

அடுத்த திங்கள் ஆறு பேரும் படிவத்தைக் கையால் நிரப்பினார்கள். நாலு புள்ளி ஏழு ஒன்று புள்ளி எட்டுக்கு விழுந்தது. மேனேஜர் நம்பினாரா? முன்னது நிஜம், பின்னது லீடு தூண்டிவிட்ட நாடகம் என்றார். மோப்பத்துக்கு அவரைக் குறை சொல்ல வாய் வரவில்லை, அவர் இடத்தில் இருந்தால் அவனும் அப்படித்தான் சொல்லியிருப்பான். மடிக்கணினியை அவர் முன்னால் திறந்தான்.

"சார், உங்களுக்கும் ஒண்ணு நிரப்பட்டுமா?"

சரி என்றார். ஒரு பொத்தானைத் தட்டினான். மேனேஜர் நிம்மதியாக இருக்கிறார், நன்றாகத் தூங்குகிறார், வேலை மிகவும் தாங்கக்கூடியதாக இருக்கிறது என்று திரையில் பத்து வரிசை நிறைந்தது. அவர் அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அன்று காலைதான் அவரும் இரத்த அழுத்த மாத்திரை வாங்கிப்போனார் என்று மோப்பத்தின் மனைவி கடையில் பார்த்து வந்து சொன்னாள்.

மோப்பத்துக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. இரண்டாவது ஃபோன் வந்த வழியே போனது. கேட்ட இருவரில் ஒருவர்தான் கிடைத்தார். அவரைப் பழக்கிய கையோடு லீடு மோப்பத்தின் பெயரை ஃபோன் முறைப் பட்டியலிலிருந்து அடித்தாள். படியில் அவன் கைப்பிடியை விட இரண்டு மாதம் ஆனது.

ஃபோனைத் திரும்ப வாங்க வந்த சுருட்டைமுடிக்காரன் அதற்குப் பிறகும் சார்ஜரைக் காணோம், ஒயரைக் காணோம் என்று வந்துகொண்டே இருந்தான். அடுத்த வருஷம் டெஸ்டர் பெண்ணைக் கட்டிக்கொண்டான். நெட்டை கல்யாணத்துக்கு வந்திருந்தான், கன்னமெல்லாம் சதை போட்டிருந்தது. பிரசவத்துக்குப் போனவள் திரும்பி வரவில்லை, கணவனோடு வேறு ஊருக்குக் குடிபோனாள். லீடும் வேறு கம்பெனிக்கு, விமானத்தில் போகிற தூரத்துக்குப் போய்விட்டாள். போகும்போது பச்சை நோட்டை மோப்பத்தின் மேஜையில் வைத்துவிட்டுப் போனாள். எதற்கு வைத்தாள் என்று அவன் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறான்.