கரடிப்பாறைச் சத்தியம்

ஒன்றியச் சேர்மன் தெய்வசிகாமணி வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டதைப் பொன்னாயி செல்போனில் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தாள்.

கல்வராயன் மலையில் அவள் ஊரான கரடிப்பாறைக்குத் தார்ச்சாலை போட்டதாகப் பில் எழுதி, மொத்தப் பணத்தையும் சேர்மன் விழுங்கிவிட்டார் என்று லஞ்ச ஒழிப்புப் போலீஸ் வழக்குப் போட்டிருந்தது. மாட்டிக்கொண்ட பெரிய மனிதர்கள் பாடுகிற பாட்டைத்தான் அவரும் கள்ளக்குறிச்சியில் நிருபர்களைக் கூட்டி வைத்துப் பாடினார். எல்லாம் என் வளர்ச்சி பிடிக்காதவர்களின் சதி. சாலை போட்டேன், பேய்மழை அடித்துக்கொண்டு போய்விட்டது என்றார். அதோடு எழுந்து போயிருக்கலாம். கேமராவைக் கண்ட குஷி விடவில்லை.

"கரடிப்பாறை காளி முன்னாடியே கற்பூரம் அணைச்சு சத்தியம் பண்ணத் தயாருங்க!" என்று மார்தட்டினார்.

பொன்னாயிக்கு வயிறு பற்றி எரிந்தது. போன மழைக்காலத்தில் சாமைக் காட்டில் அவள் புருஷன் சின்னராசைப் பாம்பு கடித்தது. கழியில் கம்பளியைத் தூளியாகக் கட்டி, ஆள் மாற்றி ஆள் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். அடிவாரத்தில் ஆம்புலன்ஸ் காத்துக்கொண்டு நின்றது. சின்னராசு பாதி வழியிலேயே போய்ச் சேர்ந்தான். சாலை இருந்திருந்தால் இன்றைக்கு அவளோடு மல்லுக்கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். அந்தச் சேர்மனைச் சும்மா விடுவதில்லை என்று அன்றே கறுவிக்கொண்டவள் அவள்.

மறுநாளே கொழுந்தன் வெள்ளையனைக் கூட்டிக்கொண்டு, வெற்றிலை பாக்குத் தட்டோடு கள்ளக்குறிச்சிக்குப் பஸ் ஏறினாள். சேர்மன் கட்சி ஆபீசில் இன்னொரு பேட்டி கொடுத்துக்கொண்டிருந்தார். மைக்குகளுக்கு நடுவே தட்டை நீட்டினாள்.

"காளி முன்னாடி சத்தியம் பண்றேன்னீங்களாமே. ஊருல பேசி அமாவாசைக்கு வெச்சிட்டோம். வந்துடுங்க."

கரடிப்பாறையில் தாம்பூலம் வைத்துச் சத்தியத்துக்குக் கூப்பிட்டும் வராதவன், குற்றத்தை ஒப்புக்கொண்டவன். அதையும் அவளே நிருபர்களுக்கு விளக்கினாள். சேர்மன் அசடு வழியத் தட்டை வாங்கிக்கொண்டார்.

அமாவாசையன்று கார்கள் அடிவாரத்திலேயே நின்றுவிட்டன. வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஒற்றையடிப் பாதையில் மூச்சிரைக்க ஏறி வந்தார் சேர்மன். பின்னாலேயே கட்சிக்காரர்களும் நிருபர்களும் வந்தார்கள். காளி முன்னால் கற்பூரம் எரிந்தது. உள்ளங்கையால் அதை அடித்து அணைத்து, சாலை போட்டேன் என்று சொல்லிவிட்டால் முடிந்தது. பொய்ச் சத்தியம் செய்தவன் வம்சம் விளங்காது என்பார்கள். மலையோரத்தில் பிறந்த சேர்மனுக்கும் அந்தப் பயம் உண்டு. நீட்டிய கையைப் பாதியிலேயே இழுத்துக்கொண்டார். சட்டென்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார்.

"தலைவருக்கு நெஞ்சு வலி! ஆம்புலன்ஸக் கூப்புடுங்க!" என்று கட்சிக்காரர்கள் அலறினார்கள்.

கூப்பிட்டார்கள். அடிவாரம் வரைதான் வரும் என்று பதில் வந்தது. வெள்ளையன் பழக்கதோஷத்தில் கழியையும் கம்பளியையும் தூக்கிக்கொண்டு ஓடி வந்தான். பொன்னாயி அவனை மறித்தாள்.

"இன்னா அண்ணி, உசுரு போய்க்கினு இருக்குது."

"இருப்பா."

சேர்மன் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். வலி நடிப்பா நிஜமா என்று அவளுக்குத் தெரியாது. எதுவானாலும் சரி, அவர் மண்ணில் கிடப்பதைப் பார்க்க அவளுக்கு இனித்தது. வாங்க போங்க என்ற மரியாதையும் அத்தோடு போயிற்று.

"வலி பொய்யின்னா எழுந்து கற்பூரத்த அணை. நெசம்னா தூக்கறோம். ஆனா அதுக்கு முன்ன, ரோடு போட்டியா இல்லியான்னு சொல்லு."

"ஒனக்கு மனசாட்சியே இல்லியா?" என்று கட்சிக்காரர் ஒருவர் எகிறினார்.

"அப்ப நீ தூக்கினு எறங்கு."

அவர் செங்குத்தாக இறங்கும் பாதையை எட்டிப் பார்த்துவிட்டுக் கூட்டத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். கற்பூரம் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. சேர்மன் உதடு அசைந்தது.

"கேக்கல," என்றாள் பொன்னாயி.

"போடல. ரோடு போடவே இல்ல. பில்லுதான் போட்டோம். தூக்குங்கடா, செத்துடப் போறேன்!"

அத்தனை கேமராவும் அதைப் பிடித்துக்கொண்டது. வெள்ளையன் கழியைத் தரையில் விட்டெறிந்தான். அவன் கண்ணில் தண்ணீர் நின்றது.

"இவனப் போயி நான் தூக்கறதா? எங்கண்ணன் செத்தாப்புலயே சாவட்டும், அண்ணி."

பொன்னாயி குனிந்து கழியை எடுத்து ஒரு முனையைத் தன் தோளில் வைத்துக்கொண்டாள்.

"தூக்குப்பா. அலுங்காம குலுங்காம கொண்டும்போவணும். இவன் செத்தா கேசும் செத்துப்புடும். உசுரோட ஜெயிலுக்குப் போவட்டும்."