இருநூற்று மூன்றாம் பக்கத்துச் சிரிப்பு

எழுத்தாளர் தன் இரண்டாவது நாவலின் நூற்றுப் பதினான்காம் பக்கத்தில் மாடிப்படியைப் பற்றி எழுதிய செவ்வாய்க்கிழமை மாலை, அவர் வீட்டு மாடிப்படி காணாமல் போனது. மொத்தம் பதினேழு படிகள். கைப்பிடி மட்டும் சுவரோடு அப்படியே இருந்தது, ஏனென்றால் கைப்பிடியைப் பற்றி அவர் எழுதவில்லை. மாடி அறையிலிருந்து தண்ணீர் குடிக்க இறங்கப் போனவர், ஒற்றைக் காலை வெறும் காற்றில் நீட்டியபடி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு திருதிருவென விழித்தார். கீழே துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி அண்ணாந்து பார்த்து, இப்போது என்னத்தை எழுதித் தொலைத்தீர்கள் என்று கேட்டாள். பதிலுக்குக் காத்திராமல் அடுத்த தெருவில் வெள்ளையடிக்கிறவர் வீட்டுக்குப் போய் ஓர் ஏணி கேட்டு வாங்கி வந்தாள்.

முதல் நாவலில் இந்தத் தொல்லையெல்லாம் இல்லை. எழுத்தாளருக்கு வேலை ஒரு மருந்துக் கம்பெனியில். மாத்திரைப் பெட்டிக்குள் எட்டாக மடித்து வைத்திருப்பார்களே ஒரு மெல்லிய தாள், சேர்மானம், அளவு, பக்க விளைவுகள் என்று பொடி எழுத்தில், அதை எழுதுகிறவர். அவர் எழுத்து மாதந்தோறும் பல லட்சம் வீடுகளுக்குப் போனது; அத்தனை பேரும் பிரிக்காமலே குப்பையில் போட்டார்கள். கணுக்கால் முறிந்து விடுப்பில் கிடந்தபோது, சரி, படிக்கிற மாதிரி ஒன்று எழுதிப் பார்ப்போமே என்று தொடங்கி முப்பத்து மூன்று நாளில் முதல் நாவலை முடித்தார். அப்போது எழுதியதெல்லாம் வீட்டுக்கு வந்தது. பச்சை அலமாரி என்று எழுதினார், மறுநாள் கூடத்தில் பச்சை அலமாரி நின்றது. மூன்று குடை வந்தது, யாருக்கும் வாசிக்கத் தெரியாத பியானோ வந்தது. கதைக்கு ஒரு பெரியப்பா தேவைப்பட்டார். விடிந்ததும் ஒரு பெரியவர் தோல்பெட்டியோடு வாசலில் நின்று, காப்பியில் சர்க்கரை வேண்டாம் என்றார். எழுத்தாளரின் அப்பாவுக்கு அண்ணனே கிடையாது. இருந்தாலும் வந்தவரைத் திருப்பி அனுப்ப மனம் வராமல், மனைவி பின்கட்டு அறையை ஒழித்துக் கொடுத்தாள். நாவல் முடிந்து அச்சாகியும் அவர் போகிற வழியைக் காணோம்.

ஒரே ஒரு நாவல் எழுதியவருக்கு இருக்கிற தைரியம் வேறு யாருக்கும் இருக்காது. எழுத்தாளர் நூலகங்களில் போய் நாவல் எழுதுவது எப்படி என்று பேசினார். பழக்க தோஷத்தில் ‘நாவல் உபயோகிக்கும் முறை’ என்று ஒரு தாளையே தயாரித்தார்: தினம் பத்துப் பக்கம், வெறும் வயிற்றில், வேண்டியதை எழுதினால் வேண்டியது வரும். அதை எட்டாக மடித்து, வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்தார். மருந்துக்கு அது சரி. ஒரே மாத்திரை ஒவ்வொரு தடவையும் ஒரே வேலையைத்தான் செய்யும். அந்த நம்பிக்கையில்தான், வீட்டிலிருந்த குளிர்பதனப் பெட்டி மக்கர் பண்ணிக்கொண்டிருந்ததால், இரண்டாவது நாவலின் முதல் அத்தியாயத்திலேயே இரண்டு கதவு வைத்த பெரிய பெட்டி ஒன்றை எழுதினார். காலையில் சமையலறைத் தரையில் ஒரு பால் பாக்கெட்டும் பாதி எலுமிச்சையும் இருந்தன. பெட்டியைக் காணோம். ஏதோ கைத்தவறு என்று நினைத்து இன்னும் விவரமாக எழுதினார். வீட்டுக் கடிகாரம் போயிற்று, குளியலறைக் கதவு போயிற்று. மாடிப்படி போன அன்றைக்குத்தான் தன் தாளைத் தானே கிழித்துப் போட்டார்.

அதன் பிறகு பயந்துபோய், வீட்டில் இல்லாதவற்றை மட்டும் எழுதினார். பனிமலை, கடற்போர், ஒரு பேரரசனின் குதிரை லாயம். இரண்டு வருடம் இப்படி ஓடியது. வீட்டில் ஒரு கரண்டிகூடக் குறையவில்லை, நாவலில் ஒரு வரிகூட உயிரோடு இல்லை. பெரியப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கைப்பிரதியைப் படித்தார். முதல் நாவலிலிருந்து வந்தவர் என்பதால் அவருக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

“நான் இருந்த நாவல் மாதிரி இல்லப்பா,” என்றார். “இதுல உக்கார ஒரு எடமில்ல.”

எரிச்சலில் எழுத்தாளர் அன்றே பெரியப்பாவை விலாவாரியாக எழுதி வைத்தார். ஒன்றும் ஆகவில்லை. ஒரு தடவை எழுதப்பட்ட ஆள் மறு தடவைக்கு மசியவில்லை போலும். மறுநாளும் அவர் சர்க்கரை இல்லாத காப்பி கேட்டார்.

வழி கண்டுபிடித்தது மனைவிதான். வீட்டில் எவை போனால் நல்லதோ அவற்றை எழுதுங்களேன் என்றாள். கூடத்துச் சுவரில் பதினைந்து வருடமாக இருந்த ஈரக்கறையை எழுதினார். சுவர் காய்ந்து பளிச்சென்று ஆனது. தன் இருமலை எழுதினார், அது போனது. ‘என் தலைவலியைக் கொஞ்சம் எழுதுங்க’ என்று அவளே கேட்டாள். ஒற்றைத் தலைவலி, மாதத்துக்கு நான்கு நாள் படுக்க வைத்துவிடும். அவர் ஆறு பக்கம் எழுதினார், அது அவளை விட்டு ஒழிந்தது. அவர்கள் கல்யாண வாழ்க்கையிலேயே நல்ல காலம் என்றால் அந்த எட்டு மாதம்தான். சாயங்காலம் இருவரும் உட்கார்ந்து வீட்டில் இன்னும் என்னென்ன வேண்டாம் என்று பேசிக்கொண்டிருப்பார்கள். வேண்டாதவை ஒருநாள் தீர்ந்து போயின.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எழுத்தாளரும் இந்த வரலாற்றை எழுதுகிறவரும் ஒரே ஆள்தான். ‘நான்’ என்று நேரடியாக எழுதினால் ஆளே காணாமல் போய்விடுவாரோ என்ற பயத்தில்தான் இத்தனை ‘அவர்’. இனி வருகிற பகுதியில் அவரைக் கொஞ்சம் திட்டவும் வேண்டியிருக்கிறது, அதற்கும் இதுவே வசதி.

மனைவி ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் வாத்தியார். தன் பக்கமும் ஒரு பிரேக் வைத்த சிறிய வெள்ளைக் காரில், நடுங்குகிறவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பன்னிரண்டு வருடமாக வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தாள். நடுச்சாலையில் வண்டி நின்றுபோய், பின்னால் பத்து வண்டி ஹார்ன் அடிக்க, கற்றுக்கொள்ள வந்தவர் வியர்த்து விறுவிறுத்து உட்கார்ந்திருக்கும்போது அவள் சிரிப்பாள். அந்தச் சிரிப்பில் கேலி கிடையாது. அதைக் கேட்டால் உலகத்தில் ஒன்றும் முழுகிப் போய்விடவில்லை என்று புரியும், கை நடுக்கம் நிற்கும். ஊரில் பாதிப் பேர் அந்தச் சிரிப்பைக் கேட்டுத்தான் ஓட்டுநர் உரிமம் வாங்கினார்கள். எழுத்தாளருக்குப் பத்தொன்பதாம் அத்தியாயத்தில் மூன்று மாதமாக ஒரு வரி நகரவில்லை. பதிப்பாளர் வேறு தினமும் போன் செய்தார். ஒரு வியாழக்கிழமை அவர் உட்கார்ந்து அந்தச் சிரிப்பை எழுதினார். சிரிப்பு ஒரு பொருளா என்ன, அது எங்கே போகப் போகிறது என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். எல்லாம் பொய். தெரிந்தேதான் எழுதினார். இருநூற்று மூன்றாம் பக்கம் தொடங்கி மூன்றரைப் பக்கம், அவர் வாழ்நாளில் எழுதியதிலேயே நல்ல பக்கங்கள்.

விமர்சகர்கள் அந்தப் பக்கங்களைக் கொண்டாடினார்கள். ஒரு கல்லூரியில் மாணவர்களுக்குப் பாடமாகவும் வைத்தார்கள். மனைவி புத்தகத்தைச் சமையலறை மேடை மேல் வைத்துப் படித்தாள். அடித்துத் திருத்தி, எழுதி அழித்துப் பார்த்தும் ஒன்றும் திரும்பி வரவில்லை என்று அவர் முனகிக்கொண்டு பக்கத்தில் நின்றார்.

“நல்லாத்தான் எழுதியிருக்கீங்க,” என்றாள். “நான் எப்படிச் சிரிச்சேன்னு இதைப் படிச்சுத்தான் தெரிஞ்சுக்க வேண்டியிருக்கு.”

அப்போதே கத்தித் தீர்த்திருந்தால் தேவலை. பிறகு அவளுக்குக் கோபம் வந்தது, அழுகை வந்தது, சலிப்பு வந்தது, அது ஒன்று மட்டும் வரவில்லை. காரில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் விறைத்துப் போனார்கள். ஒரு வங்கி மேலாளர் ரவுண்டானாவில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி நடந்தே வீட்டுக்குப் போனார். அந்த மாதம் தேர்வுக்குப் போன ஒருவரும் தேறவில்லை. பள்ளி முதலாளி நல்ல மனிதர்; வேலையை விட்டு எடுக்காமல், அவளை உள்ளே உட்கார வைத்து விண்ணப்பப் படிவம் நிரப்பச் சொன்னார். அவள் சன்னல் வழியாக வெள்ளைக் காரைப் பார்த்துக்கொண்டே படிவம் நிரப்பினாள். வெட்கங்கெட்ட எழுத்தாளர் அந்த வருடம் ஒரு விருதும் வாங்கினார்.

மூன்றாவது நாவலைத் தொடங்கியதே அந்தச் சிரிப்பை மீட்கத்தான். இரண்டு எழுதியாயிற்று, ஒன்றில் வரும், ஒன்றில் போகும், இனி நமக்குத் தெரியாதது என்ன என்று உட்கார்ந்தார். நாற்காலி என்று எழுதினார். வரவுமில்லை, போகவுமில்லை. ஆறடி உயரமும் அஞ்சாத நெஞ்சமும் கொண்ட நாயகன் ஒருவனை எழுதி, நம்பும்படி இருக்கட்டுமே என்று அவன் பாதத்தில் ஒரு கால் ஆணியையும் வைத்தார். மறுநாள் காலை எழுத்தாளருக்குக் கால் ஆணி வந்திருந்தது. உயரமும் நெஞ்சமும் வரவில்லை. இந்த நாவல் வீட்டைத் தொடாது, தன்னைத்தான் பிடிக்கும், அதுவும் அசட்டுத்தனமானதாகப் பார்த்துப் பிடிக்கும் என்பது மெல்ல விளங்கியது. பொய் சொன்னால் தும்முகிற ஒரு குமாஸ்தாவை எழுதினார்; மேலதிகாரியின் புதுவீட்டைப் பாராட்டும்போது பதினான்கு தும்மல் தும்மினார். பின்னோக்கி நடக்கிற தையற்காரரை எழுதிவிட்டு மூன்று வாரம் பின்னோக்கியே பஸ் ஏறினார். சரி, அசட்டுத்தனமே ஆனாலும் ஆகட்டும், சிரிப்பை எழுதுவோம் என்று நாற்பது பக்கத்துக்கு ஒரு பெண்ணின் சிரிப்பை எழுதினார். அது அவருக்கே வந்தது. கம்பெனி கணக்காளரின் மாமியார் இறந்த வீட்டில், சவத்தின் பக்கத்தில் நின்று, இருபது வயதுப் பெண்ணைப் போல் கலகலவென்று சிரித்துவிட்டார். நான்கு பேர் சேர்ந்து வெளியே கொண்டுபோய் விட்டார்கள். வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னபோது மனைவிக்கு ஒரு புன்னகைகூட வரவில்லை. ‘பாவம் அந்த வீட்டுக்காரங்க’ என்றாள்.

அன்றோடு மீட்கிற ஆசையை விட்டார். எழுத வேறொன்றும் இல்லாததால், தான் எதற்குப் பயந்தாரோ அதை எழுதினார். கட்டின மனைவி ஊருக்கெல்லாம் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தாலும் எழுத்தாளருக்கு ஓட்டத் தெரியாது. கல்யாணமான புதிதில் அவள் ஒருநாள் உட்கார வைத்தாள். மூன்றாவது தெருமுனையில் இறங்கி ஓடியவர், பிறகு ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை. ஐம்பத்திரண்டு வயதில் வண்டி பழகப் போகிற ஒரு முட்டாளை எழுதினார். மறுநாள் காலை பல் துலக்கும்போதே இடது கால் தரையில் கிளட்ச்சைத் தேடி மிதித்தது. கால்கள் அவரை அலுவலகத்துக்கு விடவில்லை. பத்து மணிக்குப் பயிற்சிப் பள்ளி மேசை முன்னால் கொண்டுபோய் நிறுத்தின. மேசைக்குப் பின்னால் மனைவி தலை நிமிராமல் பெயர், வயது, ரத்த வகை என்று கேட்டாள். ரத்த வகை சொன்ன குரலைக் கேட்டுத்தான் நிமிர்ந்தாள். வேறு வாத்தியார் யாரும் அப்போது இல்லை. அவள் ஆணியில் தொங்கிய சாவியை எடுத்தாள்.

“ஏறுங்க,” என்றாள்.

சிக்னலில் வண்டி பதினோரு தடவை நின்றுபோனது. பச்சை வந்தது, போனது, மறுபடி வந்தது. வலப்பக்கம் திரும்ப விளக்குப் போடுவதாக நினைத்து, கொளுத்துகிற வெயிலில் கண்ணாடி துடைப்பானை ஓட விட்டார். யாரும் கேட்காமலே சன்னல் வழியாகக் கையெடுத்துப் போக்குவரத்துக் காவலரிடம் மன்னிப்புக் கேட்டார். பின்னால் ஒரு பஸ்காரர் இறங்கி நின்று வேடிக்கை பார்த்தார். தன்னால் எதுவுமே ஆகாது, ஒரு வண்டியும் ஓடாது, ஒரு நாவலும் தேறாது, இருந்த ஒரு நல்ல சிரிப்பையும் தின்றாயிற்று என்று எழுத்தாளருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மறைத்துக்கொள்ளலாம் என்று நெற்றியை ஸ்டியரிங்கில் வைத்து அழுதார். ஹார்ன் அடித்தது. திடுக்கிட்டு, யார் அடிக்கிறார்கள் என்று பின்னால் திரும்பிப் பார்த்து, காணாமல், மறுபடி நெற்றியை வைத்து அழுதார். மறுபடி அடித்தது. அப்போது பக்கத்து இருக்கையில் அவள் சிரித்தாள்.

பழையது இல்லை. பழையது இருநூற்று மூன்றாம் பக்கத்தில்தான் இருக்கிறது, மாணவர்கள் அடிக்கோடிட்டுப் படிக்கிறார்கள். இது வேறு. அவளுக்கே அது புதிதாக இருந்ததால் வாயைப் பொத்திக்கொண்டாள், பொத்தினாலும் நிற்கவில்லை. எழுத்தாளர் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவளையே பார்த்தார். அவர் கை தானாகச் சட்டைப் பையில் பேனாவுக்குப் போனது. அவள் பார்த்துவிட்டாள். சிரிப்பை நிறுத்தாமலே சொன்னாள்:

“அதைத் தொட்டீங்க, இங்கேயே எறக்கி விட்ருவேன்.”

அவர் இரண்டு கையையும் ஸ்டியரிங் மேல் வைத்தார். பன்னிரண்டாவது தடவை வண்டி நகர்ந்தது.

மூன்றாவது நாவல் போன வருடம் வெளிவந்தது. நான்காவதில் இப்போது பதினோரு பக்கம் ஆகியிருக்கிறது. இது என்ன செய்யும் என்று வீட்டில் யாருக்கும் தெரியாது, பெரியப்பா மட்டும் முன்னெச்சரிக்கையாகத் தன் செருப்பை ஒளித்து வைத்திருக்கிறார். மூன்றாவதைப் பற்றி ஒரு விமர்சகர், நாவல் நன்றாகத்தான் போகிறது, ஆனால் வண்டி பழகும் அத்தியாயத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பெண் ஒரு பாத்திரமாகவே உருவாகவில்லை, அங்கே ஏதோ ஒரு முக்கியமான வரி விடுபட்டிருக்கிறது என்று எழுதினார். மிகச் சரியாகக் கண்டுபிடித்திருக்கிறார். அந்த வரி தினமும் காலை ஏழு மணிக்கு வெள்ளைக் காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறது, சாயங்காலம்தான் வீட்டுக்கு வரும்.