வாய்க்குப் போகிற பழம்

“நல்லா இருக்குங்க” என்று மனைவி சொன்னதும் சுமைக்காரருக்குப் பயம் வந்துவிட்டது.

கல்யாணமாகி இருபத்தாறு வருடத்தில் அவர் கையால் செய்த எதையும் அவள் நல்லா இருக்கு என்று சொன்னதில்லை. தேநீர் போட்டுக் கொடுத்தால் பாத்திரம் கழுவின தண்ணீர் என்பாள். முட்டை பொரித்தால், “இதை வச்சு செருப்புக்கு அடி தைக்கலாம்” என்பாள். சொல்லிக்கொண்டே முழுவதையும் தின்றுவிட்டுத் தட்டைக் கழுவி வைப்பாள். அப்படிப்பட்டவள் இன்றைக்கு ஒரே ஒரு துண்டு ஆப்பிளை வாயில் போட்டு, வெகுநேரம் மென்று, தண்ணீரோடு விழுங்கி, விருந்தாளிபோல மரியாதையாக ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக் கிண்ணத்தை முக்காலியில் வைத்துவிட்டாள்.

“இன்னும் ரெண்டே ரெண்டு துண்டு…”

“அப்புறமா சாப்பிடுறேன். வச்சிருங்க.”

சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். முதுகெலும்பு ரவிக்கைக்கு மேலாகவே தெரிந்தது.

அவளுக்கு வந்தது வெறும் காய்ச்சல்தான். பதினெட்டு நாள் ஆஸ்பத்திரியில் போட்டு வாட்டிவிட்டு, போகும்போது நாக்கின் ருசியையும் கூடவே வாரிக்கொண்டு போய்விட்டது. சோறு மண், ரொட்டி அட்டை, பால் சுண்ணாம்புத் தண்ணீர் என்று எதைக் கொடுத்தாலும் ஒதுக்கினாள். வீட்டுக்கு வந்தபின் வாராவாரம் வியாழக்கிழமை எடை பார்க்கப் போனார்கள். முதல் வியாழன் நாற்பத்திரண்டு கிலோ. அடுத்த வியாழன் நாற்பத்தொன்று. நேற்று நாற்பது.

“அடுத்த வாரம் இதுக்குக் கீழ இறங்கினா மறுபடி சேர்த்துட வேண்டியதுதான். மூக்கு வழியா குழாய் விட்டுத்தான் சாப்பாடு கொடுக்கணும்” என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

டாக்டர் முன்னால் அவள் வாயே திறக்கவில்லை. பேருந்து நிறுத்தத்துக்கு வந்த பிறகு சொன்னாள்.

“என்னை மறுபடி அங்க கொண்டுபோய் விட்டீங்கன்னா, நான் திரும்பி வர மாட்டேங்க.”

மிரட்டலாகச் சொல்லவில்லை. இந்த வழியில் பேருந்து போகாது என்று சொல்வதுபோலச் சாதாரணமாகச் சொன்னாள். அதனால்தான் அந்தப் பேச்சு அவருடைய நெஞ்சில் முள்ளாகத் தைத்து நின்றது.

எடை பார்க்கும் நர்ஸம்மாதான் ஒரு வழி சொல்லியிருந்தாள். “பழம் கொடுத்துப் பாருங்கண்ணே. நாலஞ்சு வகையைச் சின்னச் சின்னதா நறுக்கி, ஆரஞ்சு சாறும் எலுமிச்சையும் கொஞ்சம் தேனும் கலந்து மேல ஊத்துங்க. லேசா புளிச்சா நாக்கு முழிச்சுக்கும்.”

பழமா என்று அவருக்குச் சிரிப்பே வந்துவிட்டது. ஊர் தின்கிற பழத்தில் பாதி அவர் தோளில் ஏறித்தான் போகிறது. மொத்த வியாபாரப் பழச் சந்தையில் இருபத்தெட்டு வருடச் சுமைவேலை. வேலை முடிந்து போகும்போது சுமைக்காரர்கள் ஆளுக்கொரு பை பழம் எடுத்துக்கொள்ளலாம் என்பது அங்கே உள்ள வழக்கம். இன்று காலை இருப்பதிலேயே முதல் ரகமாகப் பார்த்துப் பொறுக்கியிருந்தார். தட்டினால் சத்தம் வர வேண்டும், கட்டைவிரலால் அழுத்தினால் அமுங்கக் கூடாது. அப்படித்தான் ஆப்பிள், பேரிக்காய், பப்பாளி, தடித்தோல் ஆரஞ்சு எல்லாம் எடுத்தார். வீட்டுக்கு வந்து நறுக்கி, நர்ஸம்மா சொன்னதுபோலவே சாறு ஊற்றிக் கொடுத்தார். அதற்குத்தான் அவள் நல்லா இருக்கு என்று சொல்லிவிட்டாள்.

மீந்ததை அவரே தின்றார். அவருக்கு ஒன்றும் குறையாகத் தெரியவில்லை. ஆனால் அவர் தின்னும்போது எதையும் கவனிக்கிற ஆள் இல்லை. பசித்த வயிற்றுக்குள் எதைப் போட்டாலும் இறங்கும்.

மறுநாள் சனிக்கிழமை. காலை நெரிசல் ஓய்ந்து தேநீர் குடிக்கிற நேரத்தில், எடைமேடைக்குப் பக்கத்தில் பழம் தரம் பிரிக்கிற பெண்மணியிடம் போய்க் குந்தினார். கனத்த கண்ணாடி போட்டிருப்பதால் சந்தை முழுக்க அவளுக்குக் கண்ணாடியக்கா என்று பேர். இவரை எல்லோரும் நெட்டை என்பார்கள்.

“என்ன நெட்டை, மூஞ்சி ஏன் சேத்துல சிக்கின வண்டி மாதிரி இருக்கு?”

“அவ சாப்பிட மாட்டேங்கிறாக்கா. பழம் நறுக்கிக் கொடுத்தேன், அதையும் ஒதுக்கிட்டா.”

“எந்தப் பழம் எடுத்துட்டுப் போன?”

“எல்லாம் முதல் ரகந்தான். தூர ஊர் லாரியில ஏத்துற பெட்டியிலேர்ந்து எடுத்தேன். தட்டினா டங்குன்னு கேட்டுச்சு.”

கண்ணாடியக்கா கையிலிருந்த பேரிக்காயை மடியில் போட்டுவிட்டு நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

“அடப்பாவி! அது லாரிக்குப் போற பழம்யா. வாய்க்குப் போற பழமில்ல.”

“பழம்னா பழந்தானேக்கா?”

“பத்து நாள் கழிச்சு எங்கேயோ ஒருத்தன் திங்கிறதுக்காகக் காயாப் பறிச்சது அது. இன்னைக்கு அது பழமே இல்ல, சரக்கு. சீக்காளிக்கு விறகு நறுக்கிக் கொடுத்திருக்க. அவளும் கிண்ணத்தை உன் தலையில கவிழ்க்காம விட்டிருக்கா பாரு.”

பக்கத்தில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தவர்களும் அவளோடு சேர்ந்து சிரித்தார்கள். சுமைக்காரருக்குச் சிரிப்பு வரவில்லை.

“கவிழ்க்கலக்கா. நல்லா இருக்குன்னு சொன்னா.”

கண்ணாடியக்கா அவர் மனைவியை அறிவாள். சிரிப்பை நிறுத்தினாள்.

“அவளா அப்படிச் சொன்னா?”

“ஆமா.”

“எந்திரி. என் கூட வா.”

சுவர் ஓரத்தில் சிவப்புக் கூடைகள் கிடந்தன. கனிந்துவிட்டது, சாயங்காலம் தாங்காது என்று தள்ளப்படுகிற பழமெல்லாம் அதில்தான் விழும். பக்கத்துக் கடைக்காரர்கள் வந்து அள்ளிப் போவார்கள். சுமைக்காரர்களுக்குச் சிவப்புக் கூடை என்றாலே ஆகாது. தூக்கினால் கழுத்து வழியாகச் சாறு ஒழுகும், சட்டைக்குள் எறும்பு புகும். அதில் ஒரு பழம் நசுங்கினால் வாங்குகிற திட்டு வேறு. இருபத்தெட்டு வருடத்தில் அதற்குள் அவர் கையை விட்டதில்லை.

“மோந்து பாரு” என்று ஒரு பப்பாளியை நீட்டினாள். “அங்க இல்ல, காம்புப் பக்கம்.”

முகர்ந்தார். அவருக்குத் தெரிந்த பழவாசம் ஈர வைக்கோலும் டீசல் புகையும் கலந்த சந்தை வாசம்தான். இது வேறாக இருந்தது. வாயில் எச்சில் ஊறியது.

“ஊறுதா?”

“ஊறுதுக்கா.”

“அதான் கணக்கு. ஊறாததைக் கீழ போடு.”

ஒவ்வொன்றாக முகர்ந்து எடுத்தார். அழுத்தினால் அமுங்குகிற பழத்தைப் பையில் போடும்போது ஏதோ தப்புக் காரியம் செய்வதுபோலக் கை கூசியது. பேரிக்காய் இரண்டு, பப்பாளி ஒன்று, முலாம்பழம் ஒன்று, காம்பு காய்ந்த திராட்சை ஒரு கொத்து.

“ஆரஞ்சை மட்டும் நீயே எடு” என்றாள் கண்ணாடியக்கா. “மூட்டையைத் தூக்கினதும் எத்தனை கிலோன்னு சொல்றவன்தானே நீ? அளவு ஒண்ணா இருக்கட்டும், கையில எது கனக்குதோ அதுலதான் சாறு.”

இது அவருக்குப் பழகின வேலை. கண்ணை மூடிக்கொண்டு இரண்டு கையிலும் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார். பளபளவென்று மினுங்கியதெல்லாம் லேசாக இருந்தது. புள்ளி விழுந்து, தோல் மெலிந்து, பார்க்க அழுதுவடிந்தவைதான் நல்ல கனம் கனத்தன. அதில் மூன்றை எடுத்தார். எலுமிச்சையும் அப்படியே பார்த்து எடுத்தார்.

எண்பது கிலோ மூட்டையை அலட்சியமாக எறிகிறவர், அந்தப் பையைப் பேருந்தில் இரண்டு கையாலும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“இடிக்காதீங்க, கொஞ்சம் தள்ளி நில்லுங்க.”

“என்னங்க, உள்ள குழந்தையா?” என்றான் பக்கத்தில் நின்றவன்.

“பப்பாளி” என்றார்.

வீடு என்பது ஒரே அறை. ஒரு மூலையில் அடுப்பும் மேசையும், எதிர் மூலையில் அவள் கட்டில். அவர் பழத்தைக் கழுவி மேசையில் பரப்பினார். முலாம்பழத்தைப் பிளந்ததும் வாசம் அறை முழுக்கப் போனது. கட்டிலில் அசைவு கேட்டது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

“என்னங்க அது?”

“பழம்.”

“நேத்து வெட்டின மாதிரி செங்கல் செங்கலா வெட்டாதீங்க. சட்டைப் பொத்தான் அளவுக்கு வெட்டுங்க.”

அவள் பள்ளிச் சீருடை தைக்கிற கம்பெனியில் பொத்தான் வைக்கிறவள். அளவு என்றால் அவளுக்குப் பொத்தான்தான். அவர் கத்தியைச் சுவரில் தீட்டிக்கொண்டு மறுபடி வெட்டினார். பெரிய கைக்குள் பழம் வழுக்கியது. பாதி பொத்தானாகவும் பாதி கோணல்மாணலாகவும் வந்தது.

ஆரஞ்சை இரண்டாக வெட்டிக் கிண்ணத்துக்கு மேலே பிடித்து, இருக்கிற பலத்தையெல்லாம் கூட்டிப் பிழிந்தார். தோல் மடங்கி, விதை நொறுங்கி, வெள்ளைச் சதையெல்லாம் வழிந்தது.

“நிறுத்துங்க! போர்வையா பிழியறீங்க? கசப்பெல்லாம் இறங்கிடும்.”

திரும்பினார். அவள் எழுந்து உட்கார்ந்திருந்தாள். கட்டில் சட்டத்தைப் பிடித்தபடி கால்களைக் கீழே போட்டிருந்தாள்.

“அதைக் கொட்டுங்க. இன்னொண்ணை எடுத்து, சும்மா ரெண்டு தடவை அமுக்கிட்டு விட்ருங்க. வர்றது வந்தாப் போதும்.”

கொட்டினார். இரண்டாவதை மெதுவாக அமுக்கினார். பிறகு எலுமிச்சை. கையில் கயிறு அறுத்த வெடிப்புகளில் சாறு இறங்கி, “ஸ்ஸ்” என்றார்.

“ஆமா, அவ்வளவு பெரிய ஆளு. எலுமிச்சங்காய்க்கு அழுறாரு” என்றபடி அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நாலு எட்டு நடந்து வந்து, மேசைக்கு முன்னால் இருந்த முக்காலியில் உட்கார்ந்தாள். அவர், ஏதாவது சொன்னால் எழுந்து போய்விடுவாளோ என்று மூச்சைக்கூட மெதுவாக விட்டார்.

அவள் விரலைச் சாற்றில் தொட்டு நாக்கில் வைத்தாள். ஒரு கண் மூடியது. முகம் சுருங்கி, மெல்ல விரிந்தது.

“தேன் விடுங்க. இன்னும் கொஞ்சம். போதும் போதும், கரடிக்கா கொடுக்கப் போறீங்க? ஒரு துளி உப்பு. ஆரஞ்சுத் தோலை லேசா சீவிப் போடுங்க, வெள்ளை வராம.”

சொன்னதையெல்லாம் செய்தார். கரண்டியால் கலக்கி, எல்லாப் பழத்தின் மேலும் ஊற்றப் போனவர் கையை அவள் பிடித்தாள்.

“மொத்தத்துக்கும் ஊத்துனா தண்ணி விட்டுக் கொழகொழன்னு போயிடும். திங்கிறதுக்கு மட்டும் தனியா எடுங்க.”

சின்னக் கிண்ணத்தில் எடுத்து, சாறு விட்டு, அவள் முன்னால் வைத்தார். ஒரு துண்டு பப்பாளி. அப்புறம் முலாம்பழம். திராட்சை இரண்டு. அவர் மேசையைத் துடைப்பதுபோலத் துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டு, அவள் தொண்டை ஏறி இறங்குவதை ஓரக்கண்ணால் எண்ணினார். ஒன்பதில் நின்றது.

“பேரிக்காய் சுமார்தான்” என்றாள். “பப்பாளி தேவலை. எலுமிச்சை தூக்கலா இருக்கு. கத்தியில வெங்காய வாசம் அடிக்குது, கழுவ மாட்டீங்களா?”

சுமைக்காரர் ஒவ்வொரு குறைக்கும் தலையாட்டினார். அவள் கிண்ணத்தைத் தூக்கி அடியில் கிடந்த சாற்றைக் குடித்தாள்.

அதோடு எல்லாம் சரியாகிவிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை இரண்டு வேளை சாப்பிட்டாள். திங்கட்கிழமை ஒரு வாய்க்கு மேல் முடியவில்லை, தின்றதும் வெளியே வந்துவிட்டது. அவர் பயந்துபோய் வேலைக்குப் போகாமல் உட்கார்ந்திருந்தார். “என் மூஞ்சியையே பார்த்துக்கிட்டிருந்தா எடை ஏறிடுமா, கிளம்புங்க” என்று செவ்வாய்க்கிழமை விரட்டிவிட்டாள். அன்றும் மறுநாளும் சிவப்புக் கூடையில் கை விட்டு, முகர்ந்து, கனம் பார்த்துக் கொண்டுவந்தார். புதன்கிழமை பழத்தோடு ஒரு ரொட்டியும் கேட்டு வாங்கித் தின்றாள்.

வியாழக்கிழமை ஆஸ்பத்திரியில் கூட்டம். அவள் பேர் கூப்பிட்டதும் செருப்பைக் கழற்றிவிட்டு எடைமேடையில் ஏறினாள். எண்கள் ஓடின. சுமைக்காரர் நர்ஸம்மாவின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

“நாப்பது கிலோ முன்னூறு” என்றாள் நர்ஸம்மா.

“அம்மா, ஒரு தடவை இறக்கிட்டு மறுபடி ஏத்துங்க” என்றார் சுமைக்காரர். சந்தையில் எதையும் இரண்டு தடவை நிறுத்துத்தான் ஒப்புக்கொள்வார்கள். ஒரு தடவை நிறுத்ததை நம்ப அவர் மனம் இடம் தரவில்லை.

“என்னைப் பார்த்தா உருளைக்கிழங்கு மூட்டை மாதிரி இருக்கா உங்களுக்கு?” என்றாள் மனைவி.

நர்ஸம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு, “இறங்கி ஏறுங்கக்கா, அண்ணன் மனசுக்கு” என்றாள். இறங்கினாள், ஏறினாள். எண்கள் ஓடி அதே இடத்தில் நின்றன. டாக்டர் சீட்டைப் பார்த்துவிட்டு, “இறங்கலையே, பரவாயில்ல. குழாய் இப்போதைக்கு வேண்டாம். அடுத்த வாரம் பார்ப்போம்” என்று எழுதிக் கொடுத்தார்.

டாக்டர் அறையிலிருந்து வெளியே வந்ததும் அவள் ஆஸ்பத்திரிக் கூடத்துப் பெஞ்சில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். அவர் சீட்டை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றார்.

“வீட்டுக்குப் போக எவ்வளவு நேரமாகும்?” என்று கேட்டாள்.

“ஒரு மணி நேரம் ஆகும். ஏன், தலை சுத்துதா?”

“இல்ல. பசிக்குது.”

இந்த வார்த்தையை அவள் சொல்லிக் கேட்டு ஒன்றரை மாதம் ஆகியிருந்தது. ஆஸ்பத்திரிக்கு எதிரே தெருவில் ஏழெட்டுக் கடைகள் இருந்தன. என்ன வாங்கி வரட்டும் என்று கேட்கக்கூடத் தோன்றாமல் சுமைக்காரர் படிக்கட்டில் இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்கினார்.

“மெதுவாங்க! விழுந்து தொலைச்சா உங்களை யார் தூக்குறது?” என்று பின்னாலிருந்து அவள் கத்துவது கூடம் முழுக்கக் கேட்டது.