இன்ஸ்பெக்டரின் ஞாயிற்றுக்கிழமைகள்

ஞாயிற்றுக்கிழமை வந்தாலே போட்டோ ஸ்டுடியோக்காரருக்கு வயிறு எரிய ஆரம்பித்துவிடும். அன்றுதான் இன்ஸ்பெக்டர் வீட்டுக்கு வருவார்.

ஸ்டுடியோக்காரரின் மனைவி ஸ்டேஷன் மாஸ்டர். பழைய ரயில்வே பாக்கெட் கடிகாரங்களைத் தேடித் தேடிச் சேர்ப்பவள். ரயில் எஞ்சின் ஓட்டுநர்களை மேற்பார்வையிடும் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற இன்ஸ்பெக்டருக்கும் அதே பைத்தியம். மனைவியை இழந்தவர், நெடுநெடுவென்று இருப்பார். நரைகூட அவருக்கு எடுப்பாகத்தான் இருந்தது. ஸ்டுடியோக்காரருக்கு நரைப்பதற்கே தலையில் முடி இல்லை.

சாப்பாட்டு மேஜையில் ஒரே பூதக்கண்ணாடிக்குக் கீழே இரண்டு தலைகள் குனிந்திருக்கும். திடீரென்று சிரிப்பார்கள்.

"என்ன சிரிப்பு?"

"ஒண்ணுமில்லைங்க. ஸ்பிரிங் சமாச்சாரம், சொன்னா உங்களுக்குப் புரியாது."

கண்ணை மூடிக்கொண்டு அவள் கடிகாரத்தைக் காதில் வைத்துக் கேட்பாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என் நெஞ்சில் இப்படி ஒரு நாள் காது வைத்திருப்பாளா என்று அவருக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இப்போது வேறொரு ஊரில் இரண்டு நாள் கடிகாரக் கண்காட்சி. பழைய ரயில்வே விதியில் தேறும் கடிகாரத்துக்குத்தான் அங்கே மேஜை கொடுப்பார்கள். வாரத்துக்கு முப்பது விநாடிக்கு மேல் முந்தவும் கூடாது, பிந்தவும் கூடாது. அவள் புதிதாக வாங்கிய கடிகாரத்துக்கு அந்த வாரம்தான் பரீட்சை. தேறினால் அவளும் இன்ஸ்பெக்டரும் சேர்ந்து போவார்கள். தேறாவிட்டால் பயணமே கிடையாது.

திங்கட்கிழமை அவள் டியூட்டிக்குப் போனதும் ஸ்டுடியோக்காரர் அலமாரியைத் திறந்தார். முள்ளை ஒரே ஒரு நிமிஷம் பின்னால் தள்ளிவிட்டால் போதும். மேலே இருந்த திருகைத் திருகினார். கிர்ரென்று சத்தம்தான் வந்தது, முள் அசையவில்லை. திருகை நகத்தால் நெம்பி இழுத்துப் பார்த்தார். அதுவும் வரவில்லை. மறுநாளும் முயன்றார், அதற்கு மறுநாளும் விடவில்லை. இனி சுற்றாது என்று திருகு இறுகி நிற்கும் வரை திருகினார். வெள்ளிக்கிழமை உள்ளே ஏதோ கெட்டுப்போயிருக்கும் என்று தோன்றியது. அன்று ஸ்டுடியோவுக்கு வந்தவர்களை எல்லாம் நன்றாகச் சிரிக்க வைத்துப் படம் எடுத்தார்.

ஞாயிறன்று இன்ஸ்பெக்டர் கடிகாரத்தை ரேடியோ மணியோடு ஒப்பிட்டுப் பார்த்தார்.

"மேடம், வெறும் நாலு விநாடிதான் வித்தியாசம். சாயங்காலமானா ஸ்பிரிங் தளர்ந்து பின்னால இழுக்கும்னு பயந்துட்டே இருந்தேன். தினம் ரெண்டு தடவை சாவி கொடுத்தீங்களா?"

"இல்லையே. காலையில மட்டும்தான் கொடுப்பேன். இந்த வாரம் பாதிச் சுத்துலயே முறுக்கு நின்னுடுச்சு, என்னடான்னு பார்த்தேன்."

இருவரும் திரும்பினார்கள். டீ தட்டோடு ஸ்டுடியோக்காரர் நின்றிருந்தார்.

"சார், நீங்களா? உங்களுக்கும் இந்த வியாதி தொத்திக்கிச்சா?" இன்ஸ்பெக்டர் சந்தோஷமாகத் தோளில் தட்டினார். அவருக்குக் கன்னத்தில் அறை விழுந்ததுபோல் இருந்தது. "சும்மா, தோணுச்சு," என்று ஸ்டுடியோக்காரர் முனகினார்.

இன்ஸ்பெக்டர் போன பிறகு அவள் கடிகாரத்தின் முன்கண்ணாடியைத் திருகிக் கழற்றினாள். ஓரத்தில் மெல்லிய நெம்புகோல் ஒன்று இருந்தது.

"இதை வெளியே இழுத்தாத்தான் முள்ளு நகரும். இழுக்காம திருகினா சாவிதான் ஏறும். சாவி கொடுக்கிறப்போ கை தவறி நேரம் மாறிடக் கூடாதுன்னு ரயில்வேயில இப்படிச் செய்யச் சொன்னாங்க. கை தவறுறவங்களைத்தான் பாவம், அவங்க நெனச்சுப் பார்த்தாங்க."

அவர் தரையைப் பார்த்தார்.

"எனக்கு அந்த ஆளைப் பிடிக்கல."

"உங்களுக்கு எதுக்குப் பிடிக்கணும்?"

"உனக்குப் பிடிச்சிருக்கே."

அவள் கண்ணாடியைத் திரும்பப் பொருத்தினாள்.

"கடிகாரத்தைப் பத்திப் பேசறப்போ பிடிக்கும். அதை மறைக்கமாட்டேன். போகாதேன்னு நீங்க வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா நின்னிருப்பியா?"

"மாட்டேன். போயிருப்பேன். ஆனா வீட்ல ஒருத்தருக்கு நான் போறது பிடிக்கலைன்னு தெரிஞ்சு போயிருப்பேன். வருஷக்கணக்கா 'சரி, சரி'ன்னு தலையாட்டிட்டு இருந்தீங்க. நான் போனா என்ன, இருந்தா என்னன்னு இருக்கீங்களோன்னுதான் நெனச்சேன்."

"சரி, இப்ப சொல்றேன். போகாதே."

"சொல்லிட்டீங்க, கேட்டுக்கிட்டேன்." அவள் முகத்தில் கோபமும் சிரிப்பும் அடித்துக்கொண்டன. "போயிட்டு வரேன். இந்தக் கடிகாரத்துக்கு நீங்க பண்ண பாவத்துக்கு, ஸ்டேஷன் வரைக்கும் பெட்டி தூக்கிட்டு வரணும்."

கிளம்பிய அன்று பிளாட்பாரத்தில் இன்ஸ்பெக்டர் மரியாதையாகக் கையை நீட்டினார்.

"கொடுங்க சார், நான் உள்ளே வெச்சுடறேன்."

"இருக்கட்டும்," என்றார் ஸ்டுடியோக்காரர்.

அவரே பெட்டியை உள்ளே கொண்டுபோனார். இரண்டு ஜன்னலோர இருக்கைகளும் எதிரெதிராக இருந்தன. கொஞ்சம் யோசித்துவிட்டு, மனைவியின் பக்கத்து இருக்கையில் பெட்டியைப் படுக்க வைத்தார். அது அசையாமல் இருக்கிறதா என்று ஒரு தடவை அழுத்தியும் பார்த்துக்கொண்டார்.

"அதை மேலே வைக்கலாமே," என்றாள் அவள்.

"கனமா இருக்கு. இங்கயே இருக்கட்டும்."

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு பெட்டியின்மேல் கையை வைத்துக்கொண்டாள். இன்ஸ்பெக்டர் எதிரே போய் உட்கார்ந்தார்.