மூன்று திரைகளில் அம்மா

பர்யோனோ குழிக்குள் நின்று இரண்டு கைகளையும் நீட்டினான். கபன் துணிக்குள் அம்மா கனமே இல்லாமல் வந்து சேர்ந்தாள்.

எலிக்காய்ச்சல் என்றார் டாக்டர். குதிகால் வெடிப்பு வழியாகச் சேற்றுத் தண்ணீர் போயிருக்குமாம். அம்மா சந்தையில் டெம்பே என்ற சோயாக் கட்டி விற்றவள். சேற்றில் கால் வைத்தது தங்கை விடுரியின் கண்காட்சி வீடியோவுக்காக, ஒரே ஒரு நாள்தான்.

அந்த வீடியோவின் மூலக்கதை பழைய மேனாட்டு நாடகம் ஒன்று. கிழட்டு ராஜா மகள்களுக்கு நாட்டைப் பங்கு போட்டுக் கொடுத்துவிட்டு மழையில் அலைந்து சாவான். விடுரி அவனை நெல் தேவியாக்கிவிட்டாள். புதைத்த உடம்பிலிருந்து தேவி தென்னையும் நெல்லுமாக முளைப்பாள். ஊரே பங்கு போட்டுத் தின்னும். தேவியாகச் சேற்றில் படுத்தவள் அம்மா.

அடக்கம் முடிந்து வீடு திரும்பியதும் சித்தி ஆரம்பித்தாள். "செத்தவ மாதிரி படுக்க வெச்சா, சாவு வராம என்ன செய்யும்?"

விடுரி தேநீர் கிளாஸ்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"கண்காட்சியில உன் வீடியோ இன்னும் ஓடுதா?" என்றான் பர்யோனோ.

"ஓடுது. நீயே போய் நிறுத்திடுண்ணா."

யோக்யா நகரத்திலிருந்த கண்காட்சிக் கூடத்துக்கு அவன் அதுவரை போனதில்லை. விஷயத்தைச் சொன்னதும் காவலுக்கு இருந்த பெண் எழுந்து நின்றாள். "உள்ள ஆளுங்க இருக்காங்க. இந்தத் தடவை முடிஞ்சதும் நிறுத்திடறேன்."

இருட்டறை. மூன்று திரைகள். ஒன்றில் முகம், ஒன்றில் கைகள், ஒன்றில் சுவர் உயரத்துக்கு அம்மாவின் பாதங்கள். வெடிப்புகளுக்குள் பழுப்புத் தண்ணீர் ஏறி இறங்கியது. அவன் அதையே பார்த்துக்கொண்டு நின்றான்.

திடீரென்று முகம் கண்ணைத் திறந்தது.

"ஏண்டி, நான் செத்துட்டேனா, இருக்கேனா? முதுகுல என்னமோ ஊருது."

"செத்துட்டீங்கம்மா. பேசாதீங்க" என்றது விடுரியின் குரல்.

"செத்தவளுக்கு அரிக்காதா?"

அறையில் எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்துவிட்டான்.

படம் முடிந்தது. கதவருகே வந்த காவல்காரப் பெண் தாழ்ந்த குரலில் கேட்டாள். "நிறுத்திடவா?"

"நிறுத்தாம விட்டா?"

"தானா மறுபடியும் ஓடும்."

அவன் திரைகள் பக்கம் திரும்பினான். திரைகள் மறுபடி வெளுத்தன. அவன் நிழல் அம்மாவின் பாதங்கள்மேல் நீளமாக விழுந்தது.

"கொஞ்சம் உக்காருங்களேன், மறைக்குது" என்றார் பின்னால் ஒருவர்.

பர்யோனோ தரையில் உட்கார்ந்தான்.