தெய்வநாயகத்தின் அட்டை

மலாயாவுக்குச் சுதந்திரம் வந்த மறு வருஷம், மலாக்காவில் ஒரு ரப்பர் ஆலையில் ஓய்வுபெற்றவர்களின் விவர அட்டைகளைக் கவனித்துவந்த குமாஸ்தா பொன்னுதுரை கிராணி. பதிவேட்டின்படி உயிரோடிருப்பவர்கள் இருநூற்றுப் பன்னிரண்டு பேர். அட்டைப் பெட்டியில் ஒருவர் குறைந்தார். மூன்று நாள் ஒவ்வோர் அட்டையாக ஒப்பிட்ட பிறகுதான் பிழை அகப்பட்டது. தெய்வநாயகம் என்பவரின் அட்டையில் ‘இறந்தார்’ என்று முத்திரை விழுந்திருந்தது. அவருடைய கோப்பில் இருந்ததோ, மனைவி நாகம்மா இறந்துவிட்டதாக அவரே எழுதிய கடிதம். யாரோ அவசரத்தில் புருஷன் அட்டையில் குத்திவிட்டார்கள்.

எதற்கும் நேரில் பார்த்துவிடுவோம் என்று பொன்னுதுரை மத்தியானம் சைக்கிளில் காஜா பேராங்கில் இருந்த தெய்வநாயகத்தின் வீட்டுக்குப் போனார். கதவைத் திறந்தவர் தெய்வநாயகமேதான். வீட்டில் வேறு ஆளரவமே இல்லை. விஷயத்தைக் கேட்டுக் கிழவர் சிரிக்கவில்லை.

“அதான் மூணு வருஷமா ஆலை விருந்துக்குக் கூப்பிடலையா, கிராணி? அவ போனதும் என்னையும் ஒதுக்கிட்டாங்கன்னு நெனச்சேன். யார்கிட்ட என்ன தப்பாப் பேசினோம்னு யோசிச்சுக்கிட்டே கெடந்தேன்.”

“உங்க மேல தப்பே இல்லீங்க. நாங்கதான் தப்பாப் பதிஞ்சுட்டோம். நாளைக்கே மாத்திடறேன்.”

“கோப்பி குடிச்சிட்டுப் போங்க. வீட்டுக்கு ஆள் வந்து நாளாச்சு.”

பொன்னுதுரை இரண்டு கோப்பை குடித்தார்.

அந்த வருஷ விருந்துக்குத் தெய்வநாயகம் எல்லோருக்கும் முன்னால் வந்துவிட்டார். அவர் பிரிவில் வேலை செய்தவர்கள் ஒருவரும் மிஞ்சியிருக்கவில்லை. மூலை நாற்காலியில் தனியே உட்கார்ந்திருந்தார். பொன்னுதுரை தன் தட்டை எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.